மூடியின் உட்பக்கம்

பாரிசில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் நான் ரிக்கற் கடை நடத்திய நாட்களில், ஜப்பானுக்குப் போக யாராவது வந்து உட்கார்ந்தால், விமானத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் எடுக்கவேண்டும். அது அக்கா எனக்குப் போட்ட கட்டளை. கூடப்பிறந்தவர் அல்ல, லாச்சப்பலில் எல்லோருக்கும் அவர் அக்கா. கொழும்புக்கும் சென்னைக்கும் கனடாவுக்கும் போகிறவர்களைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. ஜப்பான் என்றால் மட்டும் சொல்லவேண்டும். இங்கே பிறந்து, ஜப்பான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கையில் சம்பளம் வரத் தொடங்கியதும் அங்கேதான் போக நிற்பார்கள். ஆகவே அக்கா அடிக்கடி கடைக்கு வருவார்.

புறநகரான லெ பிளாங்-மெனிலிலிருந்து ரெயிலேறி, கார் து நோர் ஸ்தேசனில் இறங்கி, குடையை உதறிக்கொண்டு உள்ளே வருவார். வந்ததும் ஒரு நாற்காலியைப் பிள்ளைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவார். "எந்தப் பக்கம் போறியள்?" என்று கேட்பார். அந்தப் பிள்ளை தோக்கியோ, கியோத்தோ என்று சொல்லும்.

"அது எல்லாரும் போற இடம். மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர் இருக்கு. நான் பேர் சொல்லுறன். அங்கை போய்ச் சாப்பிட்டுப் பாருங்கோ."

அதன் பிறகு அக்காவை நிறுத்த முடியாது. "போய் இறங்கின அண்டைக்கு ஆத்துமீன் தின்னுங்கோ. உப்புப் பூசி, நீந்துற மாதிரி வளைச்சுக் குச்சியிலை குத்தி, நெருப்பைச் சுத்தி நட்டு வைச்சிருப்பினம். தலையோடை தின்னலாம். அடுத்த நாள் பெரிய காய்ஞ்ச இலை ஒண்டிலை மிசோ எண்டுற சோயா விழுதும் காளானும் போட்டுக் கரியிலை சுட்டுத் தருவினம். இலை கருகிற மணம் வரேக்கை சோத்தோடை சாப்பிடவேணும். மழை பெய்தால் வெளியிலை போகாதேங்கோ, அண்டைக்குச் சோபா தருவினம். எங்கடை இடியப்பத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கின மாதிரி இருக்கும். பிறகு குளவிக் குஞ்சு போட்ட சோறு…"

"பேர்க்!" என்று அந்தப் பிள்ளை பிரெஞ்சில் முகத்தைச் சுளிக்கும்.

"ஏன் அருவருக்கிறியள்? கணவாய் தின்னேல்லையே நீங்கள்? அது மட்டும் வடிவோ?"

ஜப்பான் அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தாலும் இப்படி வேலை செய்திருக்க மாட்டார்கள். நான் கணினித் திரைக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன். அந்த ஊருக்குப் போவதென்றால் வேக ரெயில், பிறகு மெதுவான ரெயில், பிறகு பஸ். அக்கா சொல்லி ஒரு பிள்ளையும் அங்கே போனதாக நான் அறியவில்லை. அக்காவும் திரும்பி வந்தவர்களை விசாரிப்பதில்லை. சொல்லிமுடித்தால் போதும் அவருக்கு. எழும்பி, பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அக்காவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மூடி போட்ட பாத்திரம் எதையும் அவரால் சும்மா விட்டுப் போக முடியாது. சாப்பாட்டுக் கடையில் கறிச் சட்டியானாலும் கோயிலில் அன்னதானக் கிடாரமானாலும் மூடியைத் தூக்குவார். மற்றவர்கள் மூடியைத் தூக்கினால் உள்ளே என்ன கறி என்று எட்டிப் பார்ப்பார்கள். அக்கா சட்டியைப் பார்ப்பதே இல்லை. மூடியைப் பிரட்டி, அதன் உட்பக்கத்தில் திரண்டு நிற்கும் தண்ணீரைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, ஒரு துளியும் சிந்தாமல் மெதுவாகத் திரும்ப மூடுவார்.

"அக்கா, கறி சட்டிக்கை கிடக்கு. மூடியிலை என்னத்தைத் தேடுறியள்?" என்று என் கடைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் பகிடி விடுவார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அக்கா கோபிக்க மாட்டார். சிரிக்கவும் மாட்டார்.

காரணம் எனக்கும் மனைவிக்கும் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு, அக்காவின் வீட்டை எட்டிப் பார்ப்போம் என்று லெ பிளாங்-மெனிலுக்குப் போனோம். அதற்கு முன்னால் நாங்கள் அங்கே போனதில்லை. கதவைத் திறந்துவிட்டு அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். ஹோலில், பல்கனிக் கதவுக்கு நேரே, ஒரு சின்ன மேசை. மேசைமேல் தட்டம். தட்டத்தில் மூடி போட்ட சோற்றுக் கோப்பை ஒன்று, மூடி போட்ட சூப்புக் கோப்பை ஒன்று, ஒரு துண்டு மீன், கொஞ்சம் கீரை, கைகழுவத் தண்ணீர். பின்னால் ஒரு ஆணின் படம். கண்ணாடி போட்ட, சிரிக்கத் தயங்குகிற முகம்.

எங்கள் ஆட்களுக்கு இதைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? படத்துக்கு முன்னால் சோறு வைப்பது செத்தவர்களுக்குத்தான். என் மனைவி உடனே முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, கையிலிருந்த அர்ச்சனைப் பூவில் ஒன்றை எடுத்துப் படத்துக்கு வைத்தாள். கும்பிட்டாள். அவள் கும்பிட்டால் நானும் கும்பிட வேண்டும். கும்பிட்டேன்.

தேத்தண்ணியோடு வந்த அக்கா அதைக் கண்டார். கோப்பைகளை நிலத்தில் வைத்தார். பூவை இரண்டு விரலால் எடுத்து, பல்கனிக் கதவைத் திறந்து வெளியே எறிந்தார். திரும்பி வந்து சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார்.

"பூ வைக்காதை பிள்ளை. இது படையல் இல்லை. வெளியிலை போன ஆளுக்கு எடுத்து வைச்ச சாப்பாடு."

மனைவி மெதுவாக, "அண்ணை எங்கை போனவர், அக்கா?" என்று கேட்டாள்.

"கீரை பிடுங்கப் போனவர்" என்றார் அக்கா.

அன்று சாயந்தரம் முழுக்க அக்கா சொன்னதை இங்கே சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய கணவர் பாரிசில் ஒரு ஜப்பானியக் கிழவரின் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தார். எங்கள் ஆட்கள் பாதிப்பேர் செய்கிற வேலைதான். முதலாளி என்ற பொருளில் பத்ரோன் என்று எல்லோரும் அழைத்த அந்தக் கிழவர், வயது போனதும் கடையை விற்றுவிட்டு, தன் மலை ஊரில் அக்காள்காரி நடத்திவந்த பழைய விடுதிக்குத் திரும்பினார். குசினியைத் திருத்தி எடுக்க ஒரு வசந்த காலத்துக்குக் கூடவந்து நிற்கச் சொல்லி இவரைக் கேட்டார். இவரிடம் அப்போது பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தது. அக்காவையும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளையும் விட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

ஒரு காலையில் கூடையை எடுத்துக்கொண்டு, விடுதிக்குப் பின்னால் மலையில் முளைக்கும் கீரைக் குருத்துகளைப் பிடுங்கப் போனார். ஊர்ச்சனம் எல்லாம் அந்தக் காலத்தில் பிடுங்கப் போகும் இடம்தான். கூடை கிடைத்தது. ஒரு கல்லின்மேல், பிடுங்கிய குருத்துகள் பிடிபிடியாகக் கட்டி அடுக்கியபடி, நிமிர்ந்து இருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

"தம்பி, உக்ரைன் காட்டுக்குள்ளாலை அகதியா நடந்து வந்த மனிசன் அவர். பனிக்குள்ளை, முன்னாலை போறவன்ரை முதுகைப் பாத்து நடந்து வந்தவர். அந்தக் காடு விட்ட ஆளை இந்தக் காடு வைச்சிருக்கு."

அக்கா போய்ச் சேர்ந்தபோது பொலிசும் தீயணைப்புக்காரரும் ஊர்ச்சனமும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கிழவர்கள் சிலர் தகரத்தைத் தட்டிக்கொண்டு அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மலை சில வேளை ஆட்களை ஒளித்துவைக்கும், கூப்பிட்டால் விடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. எங்கள் பெயர்கள் அவர்களுடைய வாய்க்குள் நுழைவதில்லை. "ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிக் கூப்பிட்டினம். அவர் எந்தப் பேருக்கு எண்டு வருவார்?" என்று அக்கா கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் குளிரவும் செய்தது.

தேடிய நாட்களில் பத்ரோனின் தமக்கையான விடுதி அம்மா அக்காவுக்குச் சாப்பாடு போட்டார். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அக்கா போய் இறங்கிய அன்று போட்டது ஆற்றுமீன். கூடை கிடைத்த அன்று, காய்ந்த இலையில் சுட்ட மிசோ. மழையால் தேடுவதை நிறுத்திய அன்று சோபா. மோப்பநாய்கள் வந்த அன்று குளவிக் குஞ்சுச் சோறு. என் கடையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளுக்கு அக்கா வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த நாட்களை. அதன் பிறகு என்னால் கணினிக்குப் பின்னால் சிரிக்க முடியவில்லை.

தட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததும் விடுதி அம்மாதான். அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். வீட்டு ஆள் எங்கே என்று தெரியாவிட்டால், அவருக்கும் ஒரு சாப்பாடு எடுத்து வைப்பார்கள். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்ததும் சோற்றுக் கோப்பையின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உட்பக்கம் வேர்த்திருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். காய்ந்திருந்தால் இல்லை.

"எங்கடை ஆக்களிட்டைச் செத்தவைக்கு வைக்கத்தான் ஒரு முறை இருக்கு, தம்பி. தெரியாமல் போனவைக்கு வைக்க ஒண்டும் இல்லையே. அவையிட்டை இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தனான்" என்றார் அக்கா.

திரும்பி வரும்போது ரெயிலில் மனைவி என்னைக் கேட்டாள்: "சுடுசோத்தை மூடி வைச்சால் வேர்க்காமல் என்ன செய்யும்?" நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அதை அக்காவிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்? வேர்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கதை மெல்ல லாச்சப்பலில் பரவியது. சாப்பாட்டுக் கடைக்காரர் பகிடியை நிறுத்தினார். ஒருநாள் அவரே என் கடைக்கு வந்து, அக்கா வரும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, யாழ்ப்பாணத்தில் வருத்தமாய்க் கிடக்கும் தன் அம்மாவுக்கும் ஒரு கோப்பை வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அக்கா அவரை முறைத்துப் பார்த்தார்.

"அம்மா எங்கை இருக்கிறா எண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அக்கா. ஊரிலை, வீட்டிலை."

"தெரிஞ்ச ஆளுக்கு வைக்கக் கூடாது. போனை எடுத்து அம்மாவோடை கதை."

கடைக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் அவர் கடைக்கு வெளியே நின்று போனில் சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

இன்னொரு முறை, இலையுதிர் காலத்தில், பூங்காக்களில் மறோன் காய் விழுந்து கிடக்குமே, அதைப் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காய் நஞ்சு. அணில்கூடச் சீண்டாது. விறகடுப்பில் பீஸா சுடுகிற கடை ஒன்றில் சாம்பல் கேட்டு வாங்கி, கிழமைக்கணக்காகச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, அரிசியோடு இடித்து உருட்டி ஒரு பலகாரம் செய்துவந்து என் முன்னால் வைத்தார். அந்த ஊரில் அதன் இனக் காய் ஒன்றில் செய்வார்களாம்.

"அக்கா, எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு" என்றேன்.

"பனங்கிழங்கு ஒடியல் மாவை ஊறவைச்சுக் காறலை எடுத்துப்போட்டுத்தானே கூழ் குடிக்கிறாய்? அதைப்போலைதான். தின்."

தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் கைத்தது, பிறகு இனித்தது. இது எந்த நாளுக்கு உரிய சாப்பாடு என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. அக்காவே சொன்னார்: "இதைத் தந்த அண்டைக்குத்தான் தேடுறதை நிப்பாட்டினவை."

மகள் வளர்ந்து வேலைக்குப் போய், பக்கத்து ஊரான ஸ்தேனில் ஒரு நல்ல குடும்பத்துப் பொடியனுக்குப் பேசி முடிந்தது. கல்யாண அட்டை அடிக்கவேண்டி வந்தபோதுதான் சிக்கல் கிளம்பியது. பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? 'திரு' என்று போட்டால் ஆள் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டுச் சனம் கேட்கும். 'அமரர்' என்று போட்டால் அக்கா அன்றிலிருந்து விதவை. பொட்டு, தாலி, மணவறையில் நிற்கிற உரிமை, எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும். மாதிரி அட்டையில் அச்சகக்காரர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைத்திருந்தார்.

மகள் என் கடைக்கு வந்தாள். என்னை அங்கிள் என்பாள். "அங்கிள், எனக்கும் அப்பா வேணும். ஆனா வீட்டிலை அந்தத் தட்டம்… சே பா நோர்மால், இது சரியில்லை. அமரர் எண்டு போட்டு, கிரியையைச் செய்து முடிப்பம். நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா." சொல்லும்போது அவள் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். களைத்துப்போன பிள்ளை என்று நினைத்தேன்.

அக்காவிடம் பேசினேன். அந்த வசந்தத்தில் நானும் மனைவியும் ஜப்பானுக்குப் போக இருந்தோம். ஊருக்கெல்லாம் ரிக்கற் போட்டுக் கொடுத்துவிட்டுத் தன்னை மட்டும் எங்கும் கூட்டிப்போகவில்லை என்று மனைவி கனகாலமாக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அது அக்காவுக்குத் தெரியும்.

"நீ அங்கை போ, தம்பி. அந்த மனிசி இப்பவும் அவருக்குத் தட்டம் வைக்கிறா. சாப்பிட்டு முடிஞ்சாப்போலை மூடியைத் திறந்து பார். அங்கை மூடி என்ன சொல்லுதோ, அதுதான் கார்ட்டிலை. நான் மறுத்து ஒண்டும் கதைக்க மாட்டன்."

மகளும் தலையாட்டினாள். ஆக, ஒரு பெண்ணின் பொட்டையும் ஒரு பெண்ணின் கல்யாண அட்டையையும் என் தலையில் ஏற்றிக்கொண்டு நான் உல்லாசப் பயணம் புறப்பட்டேன்.

அந்த ஊரில் மலை வீட்டு வாசலில் நிற்கிறது. விடுதியின் பின்கதவைத் திறந்தால் காடு. பத்ரோன் இறந்துவிட்டார். அவருடைய அக்காள், குனிந்து சிறுத்துப்போன கிழவி, எங்களை வாசலில் வந்து வரவேற்றார். அக்காவின் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூட்டிப்போய் நெருப்புக்குப் பக்கத்தில் இருத்தி, குச்சியில் குத்திய மீனை நீட்டி, "சாப்பிடுங்கோ" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தமிழைக் கேட்டதால் அல்ல. அவர் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் ஒரு ஆணுடையது. எங்கள் பக்கத்து ஆண், வீட்டுக்கு வந்தவரைச் சற்றுக் கூச்சத்தோடு உபசரிக்கிற தொனி. காணாமல் போனவரிடமிருந்து கேட்டுப் பழகியதை அப்படியே வைத்திருந்தார் கிழவி. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள், சாப்பிட்டு முடியும்வரை விடவில்லை.

தட்டம் பின்கதவுக்கு நேரே இருந்தது. எங்கள் சோறும் அவருடைய சோறும் ஒரே பானையிலிருந்துதான் எடுத்தார்கள், ஆவி பறக்க. சாப்பிட்டு முடிந்ததும் கிழவி மூடியைத் தூக்கிக் காட்டினார். முத்து முத்தாக வேர்த்திருந்தது. வேர்க்காமல்? எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மூடி ஒருநாளும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. இருக்கிறார், இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லியே அக்காவின் ஆயுள் முடிந்துவிடும்.

போனை எடுத்து, பிரெஞ்சில் பேசி, அது ஜப்பானிய மொழியில் சொல்ல, கிழவிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். கல்யாணம், அட்டை, வெறுமையாக விட்ட இடம், பொட்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் இலையில் சுட்ட மிசோ. கருகும் இலையின் மணம் வீடெல்லாம் நின்றது. கிழவி எங்களுக்குச் சுடச்சுடச் சோறு போட்டார். தட்டத்திலிருந்த கோப்பையில் மட்டும், காலையில் சமைத்து ஆறிப்போயிருந்த சோற்றை எடுத்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே போட்டு மூடினார். எனக்கு விளங்கியது. சாப்பிட்டு முடிந்ததும் மூடியைத் தூக்கும்படி எனக்குச் சைகை காட்டினார். தூக்கினேன். உட்பக்கம் பளிங்குபோல் காய்ந்து கிடந்தது. கிழவி தட்டத்தின் முன்னால் நெற்றி நிலத்தில் படக் குனிந்தார். குனிந்தவர் உடனே எழும்பவில்லை. என் மனைவி அழத் தொடங்கினாள்.

நான் வெளியே வந்து அக்காவுக்கு எடுத்தேன். பாரிசில் அப்போது மத்தியானம். அக்கா லாச்சப்பலில் சாமான் வாங்க நின்றார் போலும். மேம்பாலத்தில் மெற்றோ போகிற சத்தம் கேட்டது.

"அக்கா, மூடி காய்ஞ்சு கிடக்கு."

மெற்றோ போய் முடிந்தது. அக்கா கேட்டார்: "சோறு சூடோ, ஆறினதோ?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆறின சோறு, அக்கா. நேற்றுச் சுடுசோறு வைச்சவ, வேர்த்தது. இண்டைக்கு அவவா ஆறின சோறு வைச்சவ."

"பாவம் மனிசி" என்றார் அக்கா. "எனக்கு இரங்கிச் செய்திருக்கிறா. தம்பி, சுடுசோறு ஆருக்கும் வேர்க்கும் எண்டு எனக்குத் தெரியாதே? நானும் சமைக்கிறவள்தானே. வந்த புதுசிலை சுடச்சுட வைச்சனான். பிறகு எனக்கே வெக்கமாப் போச்சு, என்னை நானே ஏமாத்திறன் எண்டு. ஆறின சோறு வைச்சுப் பாத்தன். பிறிஜ்ஜுக்கை விறைக்க வைச்ச சோறு வைச்சுப் பாத்தன். இப்ப கன காலமா வெறுங்கோப்பையைத்தான் மூடி வைக்கிறனான்."

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"வேர்க்குது, தம்பி. ஒவ்வொரு நாளும். மகளிட்டைச் சொல்லிப்போடாதை, பயந்திடுவாள்."

"அப்ப ஏன் அக்கா என்னை இஞ்சை அனுப்பினனீங்கள்?"

"ஆறின சோத்துக்கு அங்கையும் வேர்க்குதோ எண்டு அறியத்தான். நீ சுடுசோறெண்டு சொல்லியிருந்தால் ஆறினதை வைச்சுப் பாக்கச் சொல்லியிருப்பன். அங்கை வேர்த்தால் அவர் இன்னும் அந்த மலையிலை நிக்கிறார். அங்கை காய்ஞ்சு இஞ்சை வேர்க்குதெண்டால்…" அவர் குரல் உடைந்தது, அது அழுகையா சிரிப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. "அங்கை இல்லை அவர். வீட்டை வர வெளிக்கிட்டிட்டார்."

நான் பின்கதவுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். காட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் உள்ளே போனேன்.

பாரிசுக்குத் திரும்பியதும் மகளை கார் து நோரில் சந்தித்தேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. மூடி காய்ந்திருந்ததா என்று கேட்டாள். ஓம் என்றேன். ஆனால் அம்மா சம்மதிக்க மாட்டா என்றேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நான் தடுமாறியபோது அவளே கேட்டாள்.

"வெறுங்கோப்பையைப் பற்றிச் சொன்னாவோ?"

"உனக்குத் தெரியுமோ?"

"அந்தக் கோப்பையைக் கழுவிக் காயவைக்கிறது நான்தானே, அங்கிள். அம்மா இல்லாத ஒரு நாள், நானே துடைச்சு, மூடி வைச்சு, முன்னாலை இருந்து பாத்தனான்." அவள் அடுத்ததைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. "அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. பயந்திடுவா."

"பிறகு ஏன் பிள்ளை அமரர் எண்டு போடச் சொன்னனீ?"

அவள் ரெயில் நேரம் காட்டுகிற பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கீரை பிடுங்கப் போனது அப்பா. திரும்பி வாறது அப்பாவோ எண்டு எனக்குத் தெரியாது."

அவளுடைய ரெயில் வந்தது. ஏறுவதற்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா சொன்னபடியே போடுங்கோ என்றாள்.

அக்கா இப்போது மகளோடும் மருமகனோடும் தெற்குப் பக்கம் எங்கோ இருப்பதாகக் கேள்வி. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவர்களுடைய வீட்டுக்குப் போகவில்லை. கடையை விற்றாயிற்று. அக்காவை எனக்குப் பிடிக்கும், மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த வீட்டில் இப்போது எத்தனை பேர் என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அன்று ஸ்தேசனிலிருந்து நேரே அச்சகத்துக்குத்தான் நடந்தேன். கல்யாண அட்டையும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே மேசையில் வைத்து அடிக்கிற மனிதர் அவர். மாதிரி அட்டையை எடுத்து வெறுமையான இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ன போடுறது, அண்ணை?"

"திரு எண்டு போடுங்கோ."

அவர் எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"ஏன், அவரைப் பற்றிச் சேதி ஏதும் வந்ததோ?"

"வெளிக்கிட்டிட்டாராம்" என்றேன்.